பங்குச் சாமியாரிடம் கேட்காத கல்யாணம்

சால்செத், கோவா
14 ஜனவரி 1986

மதிப்பிற்குரிய செரஃபீனா அவர்களுக்கு,

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். உங்கள் உறவினர் யாராவது இதற்குள் கராச்சிக்கு எழுதியிருப்பார்கள்: எர்மெலிந்தா என்ற விதவை, உங்கள் கணவராக இருந்த கஸ்ஸியானுவை மட்காவ் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மணந்துகொண்டாள் என்று. அது உண்மை இல்லை. ஆகஸ்ட் மாதம் நான் அந்த அலுவலகத்துக்குப் போனது, இறந்துபோன என் கணவரின் பெயரில் இருந்த தென்னந்தோப்பை என் பெயருக்கு மாற்றுவதற்காக. மழை. கஸ்ஸியானு குடை பிடித்தார். குடை ஒன்று, ஆட்கள் இரண்டு. பார்த்தவர்கள் மீதியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

அங்கே மணந்துகொள்ள எங்களுக்குச் சட்டத் தடை இல்லை. நீங்கள் போன பிறகு, 1951இல், நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துவிட்டது. ஆனால் திருச்சபையின் பார்வையில் அவர் இன்றும் உங்கள் கணவர். அவரோடு நான் வாழ்ந்தால் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், எடுக்க முடியாது. ஏழு வயதில் கன்னியர் மடத்துப் பள்ளியில் முதல் நன்மை எடுத்தவள் நான். பிரசவ நாட்களைத் தவிர ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அறுபத்தாறு வயதில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார எனக்குச் சம்மதம் இல்லை.

அவர் எப்படி என் வீட்டுக்கு வந்தார் என்று கேட்பீர்கள். கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் நாய்க்குச் சொறி. பார்க்க வந்தார். நாய் பிழைக்கவில்லை. அவர் வருவது நிற்கவில்லை.

இப்போது விஷயம். ஆயர் இல்லத்தில் உள்ள திருமணத் தீர்ப்பாயத்துக்கு கஸ்ஸியானு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். 1943இல் உங்கள் இருவருக்கும் நடந்தது திருச்சபைச் சட்டப்படி செல்லுமா என்று அவர்கள் ஆராய வேண்டும். முதல் வேலையாகத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். நானே போனேன். உங்கள் பங்குக் கோயிலின் பதிவேட்டை மூன்று வருடத்துக்குப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அவருடைய பங்கின் பதிவேட்டையும் பார்த்தேன். அதே வாரத்தில் நடந்த வேறு இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. உங்களுடையது இரண்டிலும் இல்லை.

கஸ்ஸியானுவிடம் கேட்டேன்.

"எந்தக் கோயில்ல நடந்துச்சு?"

"அவங்க வீட்டுச் சின்னக் கோயில்ல."

"யாரு செஞ்சு வச்சது?"

"ஒரு சாமியார். தாடி வச்சிருந்தார். நடுவுல ஆடு ஒண்ணு உள்ள வந்துருச்சு. வெள்ளாடு. சினையா இருந்துச்சு."

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். அந்தச் சாமியார் யார்? கல்யாணம் ஏன் பங்குக் கோயிலில் நடக்கவில்லை? எங்கே பதிவு செய்தார்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. அது தீர்ப்பாயத்துக்கு அல்ல, எனக்கு: அவரை விட்டு ஏன் போனீர்கள்? சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உறையில் உங்கள் தகப்பனாரின் குடும்பப் பெயரை எழுதியிருக்கிறேன். கணவர் பெயரையா, தகப்பனார் பெயரையா என்று யோசித்து முடிவு செய்தது. தவறென்றால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எர்மெலிந்தா


கராச்சி
19 பிப்ரவரி 1986

அன்புள்ள எர்மெலிந்தா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் அல்லவா? எனக்கு அறுபத்து நான்கு. உங்கள் கடிதத்தை இரண்டு அரசாங்கங்களும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் விட்டன. அவர்களுக்கும் அந்த ஆடு பிடித்திருக்கும்.

நீங்கள் சொன்னதுபோலவே என் அண்ணன் மகள் எழுதியிருந்தாள். அவள் கதையில் பேண்டு வாத்தியமும் உண்டு. கஸ்ஸியானு பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடந்து வருவதை நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன்.

அந்தச் சாமியார் என் தாய்மாமா. பர்மாவில் மறைப்பணி செய்தவர். போர் வந்ததும் நாற்பத்திரண்டில் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். தாடி அப்போது வளர்ந்தது. எடுக்கச் சொல்லி அம்மா கெஞ்சியும் எடுக்கவில்லை.

பங்குக் கோயிலில் ஏன் நடக்கவில்லை என்றால், அப்பாவுக்கும் பங்குச் சாமியாருக்கும் சண்டை. திருநாள் சுற்றுப்பிரகாரப் பவனியில் நற்கருணைக்கு மேலே பிடிக்கிற விதானத்தின் வலது முன்காலைத் தாங்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு. நாலு தலைமுறை. அந்த வருடம் பங்குச் சாமியார் அதை ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அப்பா அன்றைக்கே பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போக ஆரம்பித்தார். இதற்கு நடுவில் என் கல்யாணம்.

அம்மா சொன்னாள், "ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுடுங்களேன். அவர் பங்குல நடக்குற கல்யாணம். மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கணும்ல?"

"அந்தப் பூசணிக்கா மூஞ்சிகிட்டயா? எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் போய் அவன் வாசல்ல கைகட்டி நிக்கணுமா?"

மாமா பன்றிக்கறியைத் தின்றுகொண்டே சொன்னார், "நான் ரங்கூன்லேருந்து பூசைப் பாத்திரத்த முதுகுல கட்டிக்கிட்டு நடந்தவன். சந்தைக்குக்கூட வண்டி கட்டிப் போற ஆளுகிட்ட நான் அனுமதி கேக்கவா? நானும் சாமியார்தான். பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்கான், சாட்சி இருக்கு. வேற என்ன வேணும்?"

ஓலை வாசிக்கவே இல்லை. சிவில் பதிவில் கையெழுத்து மட்டும் ஒழுங்காகப் போட்டோம். கோயில் பதிவேட்டை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்களும், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்க மேடையிலிருந்து முழங்கினாராம்: "இந்தப் பங்கில் ஒரு வீட்டில் பொம்மைக் கல்யாணம் நடந்திருக்கிறது. அது கல்யாணம் அல்ல. கேட்டுக்கொள்ளுங்கள், அது கல்யாணமே அல்ல." சனம் சிரித்தது. விதானத்துச் சண்டை கல்யாணம் வரை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அவரை வெறுப்பேற்ற ஒரு தட்டு நிறையக் கல்யாணப் பலகாரம் அனுப்பினார். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டாராம்.

ஏன் போனேன் என்று கேட்டீர்கள். கஸ்ஸியானு கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அவரோடு இருந்தேன். அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "செவப்புப் பசு கன்னு போட்டுச்சா?" நாற்பத்தேழு ஜனவரியில் அண்ணன் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கென்று கப்பல் ஏறினேன். அந்த வருடம் நடுவில் எல்லை வந்துவிட்டது. 'திரும்பி வா' என்று அவர் எழுதவில்லை. 'வருகிறேன்' என்று நானும் எழுதவில்லை. அவ்வளவுதான். உங்களிடமாவது பேசுகிறாரா?

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் கேட்டார். லியாந்த்ரு என்று பெயர், இங்கே ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர், நம்மவர்தான். ஐம்பத்து மூன்றில். பூசை முடிந்ததும் டிராம் நிற்கும் இடம் வரை என்னோடு நடப்பார், போகிற வழியெல்லாம் கேள்வியாகக் கேட்பார். நீதிமன்றத் தாளை எடுத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "மகளே, கடவுள் முன்னால கட்டினத ஒரு நீதிபதி அவிழ்க்க முடியாது" என்றார் சாமியார். லியாந்த்ருவிடம் இல்லை என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவை இல்லை என்றேன். பிறகு அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு கனடா போனார். இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தேன். வருத்தம் இல்லை. கடவுளுக்கென்று கொடுத்தேன், அவரும் வாங்கிக்கொண்டார் என்று நினைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செரஃபீனா


சால்செத்
2 ஏப்ரல் 1986

அன்புள்ள செரஃபீனாவுக்கு,

அக்கா என்றே எழுதுங்கள். உங்கள் கடிதம் மார்ச் இருபத்தொன்றாம் தேதி வந்தது. இந்தப் பதிலுக்குப் பன்னிரண்டு நாள் தாமதம். காரணம் தபால் அல்ல, நான்.

கடிதம் கிடைத்த மறுநாளே பணஜியில் ஆயர் இல்லத்துக்குப் போனேன். தீர்ப்பாயத்தில் ஃபாதர் தெர்துலியானு என்ற இளைஞர் இருக்கிறார், ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்தவர். உங்கள் மாமா கதை வரும் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தோனா, இத முதல்லயே சொல்ல மாட்டீங்களா!"

"முதல்ல எனக்கே தெரியாதே ஃபாதர்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டவரை எழுதுகிறேன். கல்யாணம் செய்துவைக்க ஒருவர் சாமியாராக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பங்கின் சாமியாராக இருக்க வேண்டும், அல்லது அவரிடமோ ஆயரிடமோ அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால் மணமக்கள் சொன்ன வார்த்தை வெறும் வார்த்தை. ஆயர் இல்லத்தின் அனுமதிப் புத்தகத்தையும் அப்போதே எடுத்துவரச் செய்து பார்த்தோம். உங்கள் மாமாவின் பெயர் அதில் இல்லை. பங்குச் சாமியாரிடம் யாரும் கேட்கவில்லை என்பதை நேரில் அறிந்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவரே. உங்கள் பங்குச் சாமியார் முன்னால் நீங்கள் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் ஜூன் மாதத்துக்குள் எல்லாம் முடியும் என்றார்.

கஸ்ஸியானுவிடம் சொன்னேன். "அப்போ பங்குச் சாமியார் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார். உண்மைதான். அவர் சட்டத்தைச் சொன்னார். ஊர் அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டது. விதானத்துக் காலைப் பற்றி யோசிக்காத ஒரே ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால்கூடப் போய் விசாரித்திருப்பார்.

பணஜியிலிருந்து பேருந்தில் வரும்போது எனக்குச் சந்தோஷம். மறைக்க மாட்டேன். வெர்ணா தாண்டியதும், நேரம் போக்க உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். லியாந்த்ருவைப் பற்றிய பக்கம். தீர்ப்பாயத்துக்குத் தேவையில்லை என்று மடித்துத் தனியாக வைத்திருந்தேன்.

கஸ்ஸியானு மனைவி இல்லாதவர் என்றால், நீங்கள் கணவர் இல்லாதவர். இன்று மட்டும் அல்ல. 1953இலும்.

இதை உங்களுக்குச் சொல்லாமல், வாக்குமூலத்தை மட்டும் கேட்டு அன்று மாலையே ஒரு கடிதம் எழுதினேன். சுத்தப் பிரதியும் எடுத்தேன். பத்து நாள் அது என் மேசையில் கிடந்தது. பொய்யில் இரண்டு வகை உண்டு, சொல்வது ஒன்று, சொல்லாமல் விடுவது ஒன்று என்று எங்கள் கன்னியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிழித்துவிட்டேன்.

உங்கள் பாவசங்கீர்த்தனச் சாமியார் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தை யார் செய்துவைத்தது என்று அவர் கேட்கவில்லை. அது முக்கியம் என்று உங்களுக்கும் தெரியாது. இதைச் சொல்கிறவளாக நான் இருப்பதற்கு வருந்துகிறேன்.

வாக்குமூலப் படிவத்தை இணைத்திருக்கிறேன். இணைக்காமல் இருந்தால் பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் எனக்கு அது வேண்டும், ஆகவே இணைத்திருக்கிறேன்.

பேசுகிறாரா என்று கேட்டீர்கள். நான் கேட்டால் பேசுகிறார். உங்களைத் திரும்ப வரச்சொல்லி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "கூப்பிட்டு வரலைன்னா என்ன பண்றது?" என்றார்.

அன்புடன்,
எர்மெலிந்தா


கராச்சி
11 மே 1986

தோனா எர்மெலிந்தா அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. எங்கள் பங்குச் சாமியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது. படித்துப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "ஆன்ட்டி, நீங்க அப்பவே ஃப்ரீ!" என்றார். கைப்பையால் ஒன்று போடலாமா என்று இருந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கஸ்ஸியானு மீது ஆசையில்லை. உங்கள் மீது கோபம் உண்டு, ஆனால் அதற்காகவும் இல்லை. லியாந்த்ருவிடம் மூன்று தடவை இல்லை என்றேனே, அதற்காக. டிராம் நிற்கும் இடத்தில் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த 'இல்லை' எனக்கு இருந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கடவுளுக்குக் கொடுத்தேன். இப்போது நீங்கள் அனுப்பிய தாளில் நான் எழுத வேண்டியது என்ன? கடவுள் அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை, நானாகக் கொடுத்தேன் என்று. அதைச் சத்தியம் செய்து எழுத வேண்டும்.

ஒரு துண்டுத் தாளில் பங்குச் சாமியார் 'சரி' என்று எழுதியிருந்தால் நான் சாகும்வரை மனைவி. எழுதாததால் ஒரு நாளும் மனைவி இல்லை. உங்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பியபோது இந்த விதி உங்களுக்கு மலைபோல இருந்தது. கதவைத் திறந்துவிட்டதும் எவ்வளவு அழகான விதி என்று பார்க்கிறீர்கள். நானும் இதே விதிக்குத்தான் பணிந்தேன் தோனா. உங்களைவிட அதிக நாள்.

கஸ்ஸியானு கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா என்று எனக்கும் தெரியாது. அவருக்கும் அந்தக் கேள்வி இருந்தது என்று தெரியாமல் இருந்தபோது நிம்மதியாக இருந்தேன்.

செரஃபீனா


சால்செத்
23 ஜூன் 1986

அன்புள்ள செரஃபீனாவுக்கு,

அக்காவை விட்டு, தோனா என்று மரியாதைக்கு எழுதியதைக் கவனித்தேன். நியாயம்தான்.

விதியைப் பற்றி நீங்கள் சொன்னதும் நியாயம். எனக்கு வசதியான பக்கத்திலிருந்து மட்டும் அதைப் பார்த்தேன். இந்த வயதில் என்னை ஒருவர் திருத்துவது அபூர்வம். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் கேள்வியை, பெயர் சொல்லாமல், ஃபாதர் தெர்துலியானுவிடம் கொண்டுபோனேன். இல்லாத ஒரு கட்டுக்குக் கட்டுப்பட்டு ஒருத்தி தன் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தால், அந்தக் கொடை என்ன ஆகும்? அவர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். பின்பக்கத்து அட்டவணையைத் தேடினார். இன்னொரு புத்தகத்தை எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"இதுக்குச் சட்ட எண் இல்ல தோனா."

"எண் இல்லேன்னா பதில் இல்லையா ஃபாதர்?"

"பதில் இருக்கும். எங்க ஆபீஸ்ல இல்ல."

அவர் மீது எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

என் கல்யாணத்தைப் பற்றியும் யோசித்தேன். 1941. மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். பங்குச் சாமியாரே செய்துவைத்தார். என் பங்கின் பதிவேட்டில் எங்கள் வரியை, உங்களுடையதைத் தேடிய கையோடு பார்த்தேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்தக் கல்யாணத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். என் கணவர் கஸ்ஸியானுவைப் போல அல்ல, நிறையப் பேசுவார். சாப்பிடும்போது, உடுத்தும்போது, நான் காய்ச்சலில் கிடக்கும்போது. ஆனால் அவரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. முறைப்படி நடந்ததற்கும் முறைப்படி நடக்காததற்கும் உள்ளே இருப்பவளுக்கு என்ன வித்தியாசம் என்று முதல் தடவையாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. கேள்வி சரியானது என்று மட்டும் தெரிகிறது.

நீங்கள் கையெழுத்துப் போட மறுத்ததை கஸ்ஸியானுவிடம் சொன்னேன். "சரி" என்றார். பிறகு ஒரு தாள் கேட்டார். மூன்று பிற்பகல் என் மேசையில் உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் போகவில்லை. அவர் எழுதியதை இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு வரிதான்: "செரஃபீனா, அப்ப நான் கேட்டு எழுதியிருக்கணும்." எந்தப் படிவத்துக்காகவும் அவர் இதை எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் இல்லாமலே இதை முடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பங்கில் மணி அடித்து, பங்குச் சாமியாருக்கு உதவியாக இருந்த பழைய கோயில்பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது, தொண்ணூற்றொரு வயது. பங்குச் சாமியாரின் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர். கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு யாரும் வரவில்லை என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது. அவர் வாக்குமூலமும் பதிவேட்டில் உங்கள் கல்யாணம் இல்லாததும் சேர்ந்தால் போதும் என்று ஃபாதர் சொல்கிறார். நாளைக்கே காரில் அழைத்துவரலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு நடந்ததை, உங்களை விட்டுவிட்டு ஒரு கிழவரிடம் கேட்டு, நடக்கவில்லை என்று எழுதி வாங்க எனக்கு மனமில்லை. கஸ்ஸியானுவுக்கும் இல்லை.

ஆகவே எங்கள் நிலைமை இப்படி. ஐந்து மணிக்கு வருகிறார். தெருக்கதவு திறந்தே இருக்கும். தேநீர் கொடுக்கிறேன். நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார். சில நாட்களாக அவரும் கேட்கிறார். நேற்று, பள்ளியில் எனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். ஆறரைக்குப் போய்விடுகிறார். இப்படியே எஞ்சிய வருடங்களையும் கழிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய துன்பம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆறரைக்கு அவர் எழுந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதை நான் ஓரளவாவது அறிந்துகொண்டுதான் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

படிவம் உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது அனுப்ப மாட்டேன். நீங்கள் இல்லை என்று சொன்னால், அதையும் லியாந்த்ருவிடம் சொன்ன 'இல்லை'யைப் போலவே மதிப்பேன், காரணம் கேட்க மாட்டேன், கோயில்பிள்ளையைத் தேடியும் போக மாட்டேன். சம்மதமோ மறுப்போ, உறவினர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் முடிவை எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு எனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எர்மெலிந்தா